பூட்டுத் திறந்திருந்த போன்

அந்தப் போனை இயக்கும்போதெல்லாம் முதலில் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு முக்கோணம். அதன் கீழே இரண்டு வரி ஆங்கிலம். இந்தப் போனை எழுப்பிவிடுகிற பூட்லோடர் என்ற பகுதி திறந்து கிடக்கிறது, இதிலுள்ள மென்பொருளை நம்ப முடியாது என்பது அந்த வரிகளின் பொருள். ஐந்து செக்கன் அப்படியே நிற்கும். பிறகுதான் போன் முழுதாக எழும்பும்.

தம்பி மெல்பேர்னுக்குப் போகும்போது எனக்கென்று விட்டுப்போன போன் அது.

"பயப்பட ஒண்டுமில்ல அக்கா," என்றான் விமான நிலையத்துக்குப் புறப்படுகிற அவசரத்தில். "கம்பனிக்காரன் இந்த மொடலுக்குப் புதுசா ஒண்டும் அனுப்புறத நிப்பாட்டிட்டான். அதால நான் பூட்டத் திறந்து வேற சிஸ்டம் போட்டிருக்கன். அந்த எழுத்து வரும், போகும். கணக்கெடுக்காதீங்க."

நானும் கணக்கெடுக்கவில்லை. சொல்லப்போனால் அந்த ஐந்து செக்கன் எனக்குப் பிடித்திருந்தது. தலைமாட்டில் போன் எரிந்துகொண்டிருந்தால் நித்திரை கெடும் என்று அம்மா சொல்வதால் படுக்கும்போது அதை நிறுத்திவிடுவேன். விடிந்ததும் படுத்தபடியே இயக்குவேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் மாடிவீட்டு யன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் ஏதாவது ஒரு கப்பல் மெதுவாக ஊதும். கோவில் மணி அடிக்கும். பக்கத்து வீட்டில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்கும். முக்கோணம் நிற்கிற அந்த நேரத்தில் இரவு கண்ட கனவு முழுதாகப் போய்விடாமல் கண்ணுக்குள்ளேயே இருக்கும். போன் எழும்பியவுடன் குரல் பதிகிற செயலியைத் திறந்து, அம்மாவுக்குக் கேட்காதபடி மெல்லிய குரலில் அந்தக் கனவைச் சொல்லிவைப்பேன்.

மூன்று வருடமாக அப்படிச் செய்துவந்தேன். தண்ணீருக்கு மேல் ஓடும் பஸ், எழுத்தே இல்லாத ஒரு பாஷையில் நிரப்பச் சொல்லித் தருகிற படிவம், கதவைத் திறந்தால் உள்ளே யாரோ சோறு சமைத்து மூடிவைத்துவிட்டுப் போயிருக்கிற கொன்டெய்னர்கள். ஏன் பதிந்தேன் என்று எனக்கே தெரியாது. எழுதிவைத்தால் யாராவது வாசித்துவிடுவார்கள் என்று பயம் இருந்தது. குரலை யார் தேடிக் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஒருகொடவத்தையில் ஒரு பண்டகசாலையின் கந்தோரில் எனக்கு வேலை. நாள் முழுக்கக் கொன்டெய்னர் இலக்கங்களைப் பார்த்து ஒப்பிட்டுவிட்டு மாலையில் பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தால், கிராண்ட்பாஸ் தாண்டமுன்னரே கண் சொக்கிவிடும். அன்று நல்ல மழை. யன்னல்களை எல்லாம் மூடியிருந்தார்கள். உள்ளே ஈரக் குடைகளின் வாசமும் இளஞ்சூடும் சேர்ந்து என்னைத் தாலாட்டின. போன் மடியில் கிடந்தது. எவ்வளவு நேரம் உறங்கினேனோ தெரியாது.

"கொட்டஹேன பஹின அய இஸ்ஸரஹட என்ன!" என்று கொட்டாஞ்சேனையில் இறங்குகிறவர்களை முன்னுக்கு வரச் சொல்லிக் கண்டக்டர் சிங்களத்தில் கத்தியது கனவுக்குள் கேட்டதுபோல இருந்தது. பதறி எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு, நின்றவர்களை இடித்து இறங்கினேன். பஸ் போனபிறகுதான் கை வெறுமையாக இருப்பதை உணர்ந்தேன்.

வீட்டுக்கு ஓடி அம்மாவின் போனிலிருந்து என் நம்பருக்கு எடுத்துப் பார்த்தேன். நிறுத்தப்பட்டிருக்கிறது என்றது. மறுநாள் காலையும் அப்படித்தான், மாலையும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் பின்னேரம் மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தார்.

"ஹலோ, யாரு? இது உங்கட போனா?"

"ஓம், என்டதான். பஸ்ல விட்டிட்டன்."

"அல்லாஹ்வே. நீங்க எழும்பின சீட்லதான் மிஸ் நான் இருந்த. சீட்டுக்கும் செவருக்கும் நடுவுல கெடந்திச்சி. கிராண்ட்பாஸுக்கு வாங்க. நான் ஊட்லதான் ஈக்கிறன்."

அவர் ஒரு தையற்காரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். ஒடுங்கிய சந்துக்குள் ஒற்றை அறை வீடு. கதவுக்குப் பக்கத்தில் தையல் மெஷின், அதன்மேல் பாதி தைத்த ஒரு பள்ளிச் சட்டை, சுவரெல்லாம் நூல்கண்டுகள். நான் போனபோது மழை விட்டிருந்தது. சந்தில் தேங்கிய தண்ணீரின் வெளிச்சம் அவர் வீட்டுக் கூரையில் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு பிளேன்டீ தந்துவிட்டு, ஒரு துணித்துண்டில் சுற்றிவைத்திருந்த போனை எடுத்து நீட்டினார்.

"உங்கடதான் எண்டு ஒருக்காத் தொறந்து காட்டுங்க மிஸ். கோவிச்சுக்காதீங்க. யாருக்கு யாருட பொருளக் குடுக்கிற எண்டு எனக்கும் ஒரு பயம் ஈக்கித்தானே."

அவர் முன்னாலேயே, போனைத் திறக்கிற பின் நம்பரை அடித்து அம்மாவின் படத்தைக் காட்டினேன். சிரித்தார். முஸ்லிம் அக்காமாரை எங்கள் பக்கத்தில் ராத்தா என்றுதான் கூப்பிடுவது. "பெரிய உபகாரம் ராத்தா," என்றேன். வாங்கிப்போயிருந்த பிஸ்கட் பெட்டியை மறுத்து மறுத்துக் கடைசியில் வாங்கிக்கொண்டார். ஒரு கேள்விதான் நாக்கு நுனியில் நின்றது. இரண்டு நாளாக ஏன் போனை நிறுத்தி வைத்திருந்தார்? கேட்க மனம் வரவில்லை.

போன் கிடைத்துவிட்டது என்று தம்பிக்குச் செய்தி போட்டேன். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அவனே எடுத்தான்.

"அக்கா, திருப்பி வாங்கினாப் பிறகு பின் நம்பர் அடிச்சிட்டீங்களா?"

"அடிக்காம எப்பிடி? அங்கயே அடிச்சுக் காட்டினன்."

 சின்ன வயதில் வானொலியைக் கழற்றிப் போட்டுவிட்டு எனக்கு விளக்கிய அதே குரலில் சொல்லத் தொடங்கினான்.

"போனப் போட்டவுடன முதல்ல ஓடுறது, சிப் செய்யேக்கயே அதுக்குள்ள பதிச்சு வச்ச ஒரு சின்னப் புரோகிராம். அத யாராலயும் மாத்த ஏலாது. அது அடுத்து வாறதப் பாக்கும், கம்பனிட கையொப்பம் இருக்கா எண்டு. இருந்தாத்தான் விடும். அந்த ரெண்டாவது எழும்பி மூண்டாவதப் பாக்கும். இப்பிடி ஒண்ட ஒண்டு பாத்துப் பாத்துத்தான் கடைசியில உங்கட திரை வரும். நடுவில நிக்கிறதுதான் பூட்லோடர். நான் அதுட பூட்டத் திறந்து வச்சிருக்கன். யார் வந்தாலும் கையொப்பம் கேக்காம விடும்."

"அப்ப என்ட பின் நம்பருக்கு என்ன வேலை?"

"உள்ளுக்க இருக்கிறத அது பூட்டித்தான் வச்சிருக்கு. நம்பர் தெரியாம ஒருத்தரும் வாசிக்க ஏலாது. ஆனா கெட்டவனுக்கு வாசிக்கத் தேவையில்ல அக்கா. உங்கட சிஸ்டத்த எடுத்துட்டு, பாக்க அதே மாதிரி இருக்கிற வேற ஒண்டப் போட்டுட்டு, நல்லவன் மாதிரித் திருப்பித் தந்தாப் போதும். நீங்களே வந்து நம்பர அடிப்பீங்க. அதுக்குப் பிறகு எல்லாம் தன்ட பாட்டுக்கு வெளிய போகும்."

"அந்த மனிசியப் பாத்தா அப்பிடித் தெரியேல்லடா."

"அவங்கதான் எண்டு நான் சொல்லேல்ல. ரெண்டு நாள் யார் யார்ட கைக்குப் போச்சுதோ? எனக்குத்தான் புத்தியில்ல. உங்களுக்குத் தரேக்க பூட்டித் தந்திருக்கோணும்."

போனை அணைத்துவிட்டு யன்னலடியில் உட்கார்ந்தேன். வங்கிக் கணக்கோ படங்களோ எனக்கு நினைவுக்கு வரவில்லை. எங்கோ தெரியாத ஓர் அறையில் தெரியாத ஒருவர் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கண்ணை மூடி என் கனவுகளை ஒவ்வொன்றாகக் கேட்பதுதான் தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டார். அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது. அன்று கந்தோரில் கொன்டெய்னர் இலக்கங்கள் கண்முன் மிதந்தன. எதிரில் வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பற்றி எதையோ தெரிந்தவர்கள் போலப் பட்டார்கள்.

தம்பியோடு ஒன்றாகப் படித்த ஒரு பெண் வெள்ளவத்தையில் போன் திருத்துகிறாள், அவளிடம் கொண்டுபோங்கள் என்று அவன் சொல்லியிருந்தான். சனிக்கிழமை பஸ் மாறிப் போனேன். காலி வீதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே, செங்குத்தான படிகளில் ஏறினால் அவளுடைய கடை. முப்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு போனின் வயிற்றைத் திறந்து சிறிய தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கத்துப் போன் எல்லாத்துக்கும் கடற்காத்துத்தான் அக்கா வியாதி. உப்புப் பிடிச்சிடும்," என்றாள். "இருங்கோ. தம்பி எல்லாம் சொன்னவர்."

போனைத் தந்தேன். அவள் அதை இயக்கவே இல்லை.

"போட்டுப் பாக்கேல்லயா?"

"இல்லை. எழுப்பிவிட்டுக் கேட்டா அது பொய் சொல்லும். மாத்தப்பட்ட சிஸ்டமெண்டா, தான் மாறேல்ல எண்டுதான் காட்டும். எழும்ப முதல் உள்ளுக்குப் போய்ப் பாக்கவேணும்."

"எழும்ப முதல் எப்பிடிப் போறது?"

தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "அந்த முதல் புரோகிராம் இருக்கெல்லே, சிப்போட பதிஞ்சது, இந்த மொடல்ல அதிலேயே ஒரு பிழை இருக்கு. வயரால வாற சில செய்தியளை அது அளவு பாக்காமல் உள்ளுக்கு எடுக்கும். அதை வச்சு, கையொப்பம் பாக்கிற வேலையை நிப்பாட்டிப்போட்டு நினைவகத்தை வெளியில இருந்தே வாசிக்கலாம்."

"அந்தப் பிழையத் திருத்த மாட்டாங்களா?"

"அது சிப்பில பதிஞ்சது. கம்பனி நினைச்சாலும் இப்ப மாத்தேலாது. திருத்துறதெண்டா சிப்பைத்தான் எறியவேணும்."

"அப்ப கள்ளருக்கும் அது தெரியும்தானே?"

"ஓம். தெரியும்." அவள் தலையை நிமிர்த்தாமலே வயரைச் செருகினாள். "ஆனா அது இல்லையெண்டால் செத்துப்போச்செண்டு கொண்டுவாற போன்களில பாதியை என்னால எழுப்பேலாது. உங்கட தம்பி போட்ட சிஸ்டத்தின்ர மூலப் பிரதியை இண்டைக்கு எடுத்து வச்சிருக்கிறன். இதில இருக்கிறதை வாசிச்சு ரெண்டையும் ஒப்பிட்டுப் பாப்பம். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் காட்டும்."

திரையில் ஒரு பச்சைக் கோடு அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. நான் மூலையிலிருந்த கதிரையில் உட்கார்ந்தேன். மின்விசிறி சுழன்றது. கடைகளுக்குப் பின்னால், கடலோரமாக, ஒரு ரயில் நீளமாகக் கூவிக்கொண்டு போனது. அந்தச் சத்தம் தேய்ந்துபோவதைக் கேட்டபடியே கண்ணயர்ந்தேன். கிராண்ட்பாஸ் வீடு தெரிந்தது. தையற்கார ராத்தா என் போனை மேசையில் வைத்து, அளவுநாடாவால் அதன் நீளத்தையும் அகலத்தையும் அளந்தார். தோள் எவ்வளவு, கை எவ்வளவு என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கூரையில் தண்ணீர் வெளிச்சம் ஆடிக்கொண்டே இருந்தது.

"அக்கா."

கண்ணைத் திறந்தேன்.

"ஒண்டும் மாறேல்ல. அப்பிடியே தம்பி போட்டபடி இருக்கு. எல்லாப் பகுதியும் பாத்திட்டன். ஒருத்தரும் கை வைக்கேல்ல."

நிம்மதி வருமுன் வெட்கம்தான் வந்தது. அந்த ராத்தா ஒரு துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்த பொருளை, நான் பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுவந்ததுபோலக் கொண்டுவந்திருக்கிறேன். மேசையில் கிடந்த போனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"இந்தமுறை ஒண்டும் நடக்கேல்ல," என்றாள் அவள். "இனி என்ன செய்வம்? இப்பிடியே விடலாம். அல்லது கம்பனியின்ர பழைய சிஸ்டத்தைப் போட்டுப் பூட்டலாம். தம்பியின்ர சிஸ்டத்தோட பூட்டினா இது எழும்பாது, கல்லுத்தான். பழையதைப் போட்டா அதுக்குப் புதுத் திருத்தங்கள் வராது. ரெண்டிலயும் ஒரு குறை இருக்கு."

"நீங்க எண்டா?"

"பஸ்ஸில நித்திரை கொள்ளுற ஆளெண்டால் பூட்டுவன்." முதல்முறையாகச் சிரித்தாள். "சிப்பில இருக்கிற பிழை எண்டைக்கும் இருக்கும். ஆனா அதைப் பாவிக்க என்னை மாதிரி ஒரு ஆள் வேணும். பூட்டு இல்லாட்டி வாறவன் போறவன் எல்லாருக்கும் சுகம்."

பூட்டச் சொன்னேன். பூட்டும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் வேண்டியதைப் பிரதி எடுக்கவேண்டும், என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

"குரல் பதிவு."

"பாட்டோ?"

"இல்ல." பொய் சொல்ல வரவில்லை. "கனவு."

 அவள் இப்போது போனை எழுப்பி என்னிடம் தந்தாள். பின் நம்பரை அடித்தேன். கணினியில் கோப்புகளின் பட்டியல் விரிந்தது. பெயர்கள் இல்லை, திகதிகள் மட்டும். நூற்றுக்கணக்கில் கீழே கீழே ஓடின. பிரதி எடுத்து முடிந்ததும் காதில் வைக்கிற இயர்போனை என்னிடம் நீட்டிவிட்டு, "ஒண்டைப் போட்டுப் பாருங்கோ, சரியா வந்திருக்கோ எண்டு. நான் கேக்கேல்ல," என்று நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டேன். அதுவரைக்கும் அவற்றில் எதையுமே நான் திருப்பிக் கேட்டதில்லை. முதலில் கப்பல் ஊதியது. பிறகு ஒரு பெண், நித்திரை கலையாத தடித்த குரலில் மெல்ல மெல்லச் சொன்னாள். கொட்டாஞ்சேனை வீதியெல்லாம் கடல் வந்துவிட்டது, ஆனால் யாரும் ஓடவில்லை, மீன் விற்கிறவர்கள் தராசைத் தண்ணீருக்கு மேல் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள், அம்மா வாசலில் நின்று செருப்பைக் கையில் எடு என்றாள், எடுத்தேன், அது ஈரமாகவே இல்லை. சின்ன இருமல். பின்னால் தேங்காய் துருவுகிற சத்தம். அவ்வளவுதான். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. இவளை யார் கேட்டிருந்தாலும் இவளுக்கு ஒரு தீங்கும் வந்திருக்காது என்று தோன்றியது.

கோப்புகளை ஒரு சிறிய நினைவட்டையில் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். போனைப் பூட்டித் தந்தாள். அதன்பிறகு அது முக்கோணம் காட்டாமல் நேரே எழும்பியது. முதல் சில நாள் காலையில் நான் வாய் திறக்கமுன்னரே கனவு போய்விட்டது. பிறகு பழகிவிட்டது. சொல்லக்கூடிய நாளில் சொன்னேன், முடியாத நாளில் விட்டேன்.

ஆனால் கிராண்ட்பாஸ் என் மனதைவிட்டுப் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு சட்டைத் துணியை எடுத்துக்கொண்டு போனேன். ராத்தா அளவெடுத்தார். நான் கையை விரித்து நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"ராத்தா, ஒண்டு சொல்லோணும். அந்தப் போனக் கடைக்குக் கொண்டுபோய், யாராவது உள்ளுக்க ஏதாவது செய்திருக்காங்களா எண்டு பாத்தனான். நீங்க தந்தாப் பிறகு."

அளவுநாடா என் தோளில் அப்படியே நின்றது. "என்னச் சந்தேகப்பட்டீங்களா?"

"ஓம்," என்றேன். "ரெண்டு நாள் ஏன் நிப்பாட்டி வச்சிருந்தீங்க எண்டு விளங்கேல்ல."

அவர் கதிரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவேயில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மிஸ், நான் உங்களத்தான் சந்தேகப்பட்ட. அண்டைக்கே சார்ஜ் போட்டுத் தொறந்து பாத்தேன். கறுப்பு ஸ்கிரீன்ல முக்கோணம் வந்திச்சி. எங்கட அவர் வாசிச்சாரு. 'பூட்டு ஒடச்ச போன், இத நம்ப ஏலாது எண்டு போட்டிருக்கு, கள்ளப் போன் போல, கை வச்சா பொலிஸுக்குப் போகோணும்' எண்டாரு.  ஒடனே நிப்பாட்டிட்டேன். களனி கங்கைல எறியுவோமா எண்டும் யோசிச்ச."

"பிறகு ஏன் போட்டீங்க?"

"மனசு கேக்கல்ல. யாரோ தேடிட்டு ஈப்பாங்க எண்டு. தொறந்து காட்டச் சொன்னதும் அதுக்குத்தான். நீங்க கள்ளியா எண்டு பாக்கத்தான்."

இப்போது நானும் சிரித்தேன். மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தம்பி ஏன் பூட்டைத் திறந்தான் என்பதையும் அந்த எழுத்தின் அர்த்தத்தையும் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். ஊசியில் நூலைக் கோர்த்தபடி கவனமாகக் கேட்டார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து தன்னுடைய போனை எடுத்தார். யாரோ பாவித்துவிட்டு விற்றதை வாங்கியதாம்.

"அப்ப இதுவும் தொறந்து ஈக்குமா மிஸ்? முக்கோணம் ஒண்டும் வாறல்ல. எண்டாலும் அந்தப் புள்ளக்கிட்ட ஒருக்காக் காட்டுவோமா?"

அடுத்த ஞாயிறு பின்னேரம் இரண்டு பேரும் வெள்ளவத்தைக்குப் போனோம். கடைக்காரப் பெண் இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்திப் பிடித்து, சின்ன எழுத்துகள் நிறைந்த ஒரு திரையை வரவழைத்தாள். அதில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். "பூட்டித்தான் இருக்கு அக்கா. பயமில்லை." கூலி வேண்டாம் என்றுவிட்டாள்.

படியிறங்கியதும் ராத்தா மேற்குப் பக்கம் பார்த்து நின்றார். சந்தின் முடிவில் கடல் வெள்ளித் தகடுபோலத் தெரிந்தது. தைக்கத் தொடங்கியபிறகு இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்றார். தண்டவாளத்தைக் கடக்கமுன் ஒரு ரயில் வந்தது. வாசலில் தொங்கியவர்களின் சட்டைகள் காற்றில் பறக்க, அது போய் முடியும்வரை காத்திருந்தோம். பிறகு கற்களில் பிடித்துப் பிடித்து இறங்கினோம். வழியில் வாங்கிய கச்சான் கடலைச் சரையை என்னிடம் தந்துவிட்டு, அபாயாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி அவர் தண்ணீருக்குள் கால் வைத்தார். அலை வந்து முழங்கால்வரை நனைத்துவிட்டுப் போனது. அவர் பின்வாங்கவில்லை.

அப்போது அவருடைய போன் அடித்தது. கணவர்.

"எங்கயா? கடல்ல ஈக்கிறன்," என்றார். மறுபக்கம் நம்பவில்லை போலும். "பொய்யில்ல. கடலுக்குள்ள நிக்கிறன். இந்தாங்க, கேளுங்க."

போனை அலைக்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டு, அடுத்த அலை வரும்வரை அப்படியே நின்றார்.